உள்ளூர் விடுமுறை

ஆனித் தேருக்கு லீவு,
நெல்லை மாவட்டத்துக்கு மட்டும்.
கோவில்பட்டி பக்கத்து மாவட்டம்.
வீட்டில் எனக்கு இன்று வேலை நாள்.
பொய் எதுவும் சொல்லவில்லை.
எலுமிச்சைச் சோற்றை டப்பாவில் அடைத்தேன்,
சீசன் டிக்கெட்டை எடுத்துக்கொண்டேன்.
வழக்கமான ரயில், வழக்கமான ஜன்னல்.

பதினோரு வருஷமாக இந்த ஊருக்கு வருகிறேன்.
தெரிந்தது ஜங்ஷன், வண்ணார்பேட்டை,
இடையில் ஒரு பாலம்,
பாலத்தின் கீழே
பஸ்ஸில் யாருடைய அக்குளுக்கோ அடியில் தெரியும் ஆறு.

இன்று எதிர்ப்பக்கம் ஏறினேன்.
டவுன் ஆர்ச்சிலேயே இறக்கிவிட்டார்கள்.
"இதுக்கு மேல தேருதான் போவும், பஸ்ஸு போவாது."

ரதவீதி முனையில் அம்மன் தேர்,
மாடிவீடு ஒன்று வழி கேட்டு நிற்பதுபோல.
சக்கரத்தடியில் கட்டையோடு நின்றவர்
அணைத்த பீடியைக் காதில் செருகிவிட்டுக்
கையைத் தூக்கினார்.
"யக்கா, சும்மா நிக்கியளே, பிடிங்க"
காலேஜ் பிள்ளை ஒருத்தி என் கையை எடுத்து
வடத்தின்மேல் வைத்தாள்.
ஒரு தோளில் ஹேண்ட்பேக், ஒரு தோளில் டப்பாப் பை,
இழுத்தேன்.
ஒன்றும் நகரவில்லை.
பிறகு எல்லாமே நகர்ந்தது:
நான், தெரு, பால்கனியிலிருந்து மோர் ஊற்றிய பையன்.
பதினேழு அடி இருக்கும். எண்ணினேன்.
மின்வாரியத்தில் கணக்கீட்டுப் பிரிவு,
எண்ணாமல் இருக்க வராது.

கோயிலுக்குள் இசைத்தூண்.
கம்பிக்கு அப்பால். தொடாதீர் என்று பலகை.
தட்டினால் 'ச' வருமா 'ப' வருமா என்று
தொடாமலே சண்டை போட்டது ஒரு குடும்பம்.
பேர் இல்லாத பக்கத்துத் தூணை
நான் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தேன்.
கல் சத்தம்.
அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மதியம் சொதி.
தனியாக வந்த பெண் என்றதும்
ஃபேமிலி ரூமுக்குக் கை காட்டினான் ஓட்டல் பையன்.
ஃபேனுக்கு நேர் கீழே, நடு மேசையில் உட்கார்ந்தேன்.
தேங்காய்ப் பாலில் முருங்கைக்காய், பாசிப்பருப்பு,
கடைசியில் பிழிந்த எலுமிச்சையின் லேசான புளிப்பு,
நாக்கை அதட்டும் இஞ்சித் துவையல்.
வீட்டில் சொதி வைத்தால்
எல்லாருக்கும் ஊற்றியபின் சட்டியை வழிப்பது என் பங்கு.
மூன்றாம் முறை வாளியோடு வந்தவர்
"இன்னும் கொஞ்சம் விடட்டுமா?" என்றார்.
கேட்பது அவருக்குத் தொழில்.
எனக்குக் கண் கலங்கியது.
இஞ்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

குறுக்குத்துறைப் படியில் தண்ணீர் புதுசாக ஓடியது.
இடுப்பளவு ஆற்றில், தொப்பையோடு, பேரனைத் தோளில் ஏற்றி
எங்கள் சூப்பிரண்டு ஜெபசிங் சார்.
கோப்புக்கு மேலே கண்ணாடி மட்டும் தெரிகிற மனுஷன்.
இருவரும் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டோம்.
டப்பாவைத் திறந்தேன்.
மூடி கழலும் முன்பே மீன்களுக்குத் தெரிந்திருந்தது.
சோற்றைத் தின்றன, கடலைப்பருப்பைத் தின்றன,
கறிவேப்பிலையை மட்டும் ஒதுக்கின,
என் வீட்டு ஆட்களைப் போலவே.
மணல் அள்ளித் தேய்த்துக் கழுவினேன்.

சாயங்காலம் திறந்த கடையில்
நூறு கிராம், இலையில், சூடாக.
பார்சல் ஒன்று சொல்ல வாயெடுத்தேன்.
டவுன் அல்வாப் பொட்டலம் போய்க் கதை சொல்லிவிடும்.
நின்றபடியே தின்றேன்.
மெல்ல நினைப்பதற்குள் தொண்டையைத் தாண்டியிருந்தது.
நெய்யைக் காகிதத்தில் துடைத்தேன், போகவில்லை.
கைப்பிடிக் கம்பியில் கொஞ்சம் விட்டுவிட்டு
ரயிலேறினேன்.

"ஆபீஸ்ல கூட்டமோ? முகமெல்லாம் கருத்துக் கெடக்கு"
என்றார் இவர்.
"கூட்டம்தான்" என்றேன்.
"எடுத்து வச்ச கால எடுக்க முடியல."

பாத்திரம் தேய்க்கப் போன சங்கரி
டப்பாவைத் திறந்தாள்.
கழுவிய டப்பா.
மூடியின் பள்ளத்தில் நாலைந்து மணல்.
நகத்தால் ஒன்றை எடுத்து
விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தாள்,
பிறகு என்னை.
குழாயைத் திறந்துவிட்டாள்.